தனியார் ஆஸ்பத்திரியிலை ஒம்பது நாள்: நேர்ஸ்மாரைப் பற்றியும், அவையளுக்கு மார்க் போடுற ஸ்மைலி ஃபோமைப் பற்றியும்

அம்மாவுக்கு 78 வயசு. கோண்டாவிலிலை எங்கடை வீட்டுக் கிணத்தடியிலை பாசி வழுக்கி விழுந்து இடப்பக்கத் தொடையெலும்பின்ரை கழுத்து முறிஞ்சு போச்சு, வெளிநாட்டிலை இருக்கிற தம்பி பிரைவேட்டிலைதான் காட்டவேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டான், அப்பிடித்தான் யாழ்ப்பாணத்துக்குள்ளை இருக்கிற ஒரு தனியார் ஆஸ்பத்திரியிலை ஒம்பது நாள் இருந்தம். ஆஸ்பத்திரியின்ரை பேரை நான் போடேல்லை. நான் சொல்லப்போற குறை அந்த ஒரு இடத்தோடை முடியிறதில்லை, வீட்டை போகேக்கை நிரப்பத் தாற அதே மாதிரி ஃபோமை நான் வேறை இடங்களிலையும் கண்டிருக்கிறன். நானும் 29 வருசம் அரசாங்க வாட்டுகளிலை நேர்ஸா நிண்டு பென்சன் எடுத்தவள், அதாலை சும்மா கோவத்திலை எழுதுறன் எண்டு நினைக்காதேங்கோ.

முதல் கெதியா சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுறன். ஒப்பரேசன் நல்லாச் செய்தவை, இடுப்பு மூட்டிலை பாதியை மாத்துற ஒப்பரேசன், அடுத்த நாளே பிசியோ வந்து கட்டிலாலை இறக்கி வோக்கரிலை நிப்பாட்டினவர். அறை துப்பரவு. சாப்பாடு பரவாயில்லை, நாங்கள் பாதிநாள் வீட்டிலையிருந்துதான் கொண்டு போனது. பில் சொன்ன கணக்குக்குக் கிட்டத்தான் வந்தது. இவ்வளவுக்கும் நான் தாராளமா 5க்கு 4 போடுவன், அதிலை எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

நான் எழுத வந்தது நேர்ஸ்மாரைப் பற்றி. அங்கை நிண்ட பிள்ளையளுக்குள்ளை ரெண்டு பேரை எனக்கு மறக்க ஏலாது, ஒராள் கண்ணாடி போட்ட சின்னப் பிள்ளை, மற்றாள் நல்ல உயரமான பிள்ளை. ரெண்டு பேருக்கும் கை சுத்தம். மருந்து ஏத்துற கனூலா போட்டால் ஒரே குத்திலை போகும், மருந்து நேரம் தப்பாது, பிரசர் பாத்து டிக்கட்டிலை, அதுதான் வருத்தக்காரரின்ரை குறிப்பு ஒற்றையிலை, எழுதுறது வடிவா இருக்கும். வேலை தெரிஞ்ச கையை எனக்குத் தெரியும், ரெண்டும் நல்ல கை. ஆனா அம்மாவுக்கு அந்த ரெண்டு பேரும் ரெண்டு உலகம்.

கண்ணாடிப் பிள்ளை முதல் நாள் வந்த உடனை கேட்ட முதல் கேள்வி, "அம்மா உங்களை நான் என்னெண்டு கூப்பிடட்டும்?" எண்டு. அம்மா 34 வருசம் படிப்பிச்சவ. கொஞ்சம் யோசிச்சிட்டு "ரீச்சர் எண்டே கூப்பிடும் பிள்ளை" எண்டா. அண்டையிலையிருந்து அந்தப் பிள்ளைக்கு அவ ரீச்சர்தான், மற்ற சிஃப்டுக்கும் சொல்லி டிக்கட்டின்ரை மூலையிலை பென்சிலாலை எழுதியும் வைச்சிருந்தவ. உயரமான பிள்ளைக்கு அம்மா எப்பவும் "ஆச்சி". ஆச்சி எண்டு சொல்லுறதிலை பிழை இல்லை, எங்கடை ஊரிலை அது அன்பான சொல்லுத்தான். ஆனா அந்தப் பிள்ளை ஆச்சியோடை கதைக்கிறது குறைவு, ஆச்சியைப் பற்றி என்னோடை கதைக்கிறதுதான் கூட. "ஆச்சி சாப்பிட்டவவோ? ஆச்சிக்கு வயித்தாலை போனதோ?" எண்டு அம்மாவின்ரை தலைக்கு மேலாலை என்னைப் பாத்துக் கேக்கும். அம்மாவுக்குக் காது வடிவாக் கேக்கும், நினைவும் தெளிவு, இடுப்புத்தான் உடைஞ்சது. மூண்டாம் தரம் கேக்கேக்கை அம்மா சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பினதை நான் கண்டனான், அந்தப் பிள்ளை காணேல்லை. ரெண்டொருக்கா "நீர் கொஞ்சம் தள்ளிப் படும்" எண்டும் சொன்னது. எங்கடை பக்கத்திலை வயசுக்கு மூத்த ஆளை நீர் எண்டு சொன்னால் அது எங்கை போய்க் குத்தும் எண்டு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மூண்டாம் நாள் இரவை மட்டும் கொஞ்சம் விரிவாச் சொல்லுறன், ஏனெண்டால் அண்டைக்குத்தான் எல்லாம் எனக்கு விளங்கினது. படுக்கைப்புண் வராமல் இருக்க ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்பிப் படுக்க வைக்கவேணும், ஒப்பரேசன் செய்த காலுக்கும் மற்றக் காலுக்கும் நடுவிலை தலையணை வைச்சுத்தான் திருப்பவேணும், அந்த நேரம் வாற நோ சொல்லி விளங்காது. பத்து மணிக்கு உயரமான பிள்ளையும் அற்றென்டனும் வந்து போர்வையை எடுத்திட்டு அப்பிடியே திருப்பிச்சினம். முறை சரி, தலையணை சரி, நான் நிண்டிருந்தாலும் கைவேலை அப்பிடித்தான் செய்திருப்பன். ஆனா ஒரு வாத்தை சொல்லேல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தவ, திடுக்கிட்டுக் கத்திப்போட்டா. பன்ரெண்டு மணிக்குக் கண்ணாடிப் பிள்ளை வந்தது. "ரீச்சர், முழிப்போ? இப்ப உங்களை வலப்பக்கம் திருப்பப்போறம். நோகும், ஆனா கொஞ்ச நேரம்தான். நான் மூண்டு எண்ணுவன், மூண்டிலைதான் திருப்புவம், நீங்களும் என்னோடை எண்ணுங்கோ." அம்மா எண்ணினவ. அதே நோ, அதே கட்டில், ஆனா கத்தேல்லை. பிறகு அந்தப் பிள்ளை "மருந்து ஏறினாப்பிறகு அரை மணித்தியாலத்திலை வந்து பாக்கிறன்" எண்டு சொல்லிப்போட்டுப் போனது. நான் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டிருந்தனான். இருபத்தஞ்சாவது நிமிசம் அற்றென்டன் அக்கா எட்டிப் பாத்து, "மிஸ் அங்காலை ஒராளுக்குச் சேலைன் ஏத்துறா, இன்னும் பத்து நிமிசத்திலை வாறாவாம், ரீச்சரிட்டைச் சொல்லச் சொன்னவ" எண்டா. பத்து நிமிசத்திலை வந்து, பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையிலை இப்ப நோ எவ்வளவு எண்டு கேட்டு எழுதிக்கொண்டு போனது.

வாறன் எண்டால் வாறது, வர ஏலாட்டில் சொல்லி விடுறது. வருத்தக்காரருக்கு நேர்ஸிலை வாற நம்பிக்கை எங்கையிருந்து வருது எண்டு என்னைக் கேட்டால் பாதி இதுக்குள்ளைதான் இருக்கு எண்டு சொல்லுவன்.

இப்ப அந்த ஃபோமுக்கு வாறன். ஒம்பதாம் நாள் டிஸ்சார்ஜ். பில் கட்டுற இடத்திலை ஒரு பேப்பர் தந்தவை, மேலை ஆஸ்பத்திரியின்ரை படம், கீழை 12 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் அஞ்சு ஸ்மைலி, அழுற முகத்திலையிருந்து சிரிக்கிற முகம் மட்டும். வாகனம் நிப்பாட்டுற இடம், கன்டீன், ஏசி, கழிப்பறை, பில்லிங், இப்பிடி ஒவ்வொண்டுக்கும் தனித்தனிக் கேள்வி. ஒம்பது நாள் இரவு பகலா அம்மாவோடை நிண்ட ஆக்களுக்கு ஒரே ஒரு வரி: "தாதியர் சேவையின் இடையாள் தொடர்பாடல் திருப்திகரமாக இருந்ததா?" அதை நீட்டினதும் ஒரு நேர்ஸ் பிள்ளைதான், டிஸ்சார்ஜ் மேசையிலை இருக்கிறவ, பேனையையும் தந்து "ஃபுல்லாப் போட்டு விடுங்கோ அம்மா" எண்டு சிரிச்சுக்கொண்டு பக்கத்திலை நிண்டா.

அம்மா வரியை வாசிச்சிட்டு "இடையாள் எண்டால் ஆர், நடுவிலை நிக்கிற புரோக்கரோ?" எண்டு என்னட்டைக் கேட்டா. தமிழ் படிப்பிச்ச மனிசி கேக்கிற கேள்வி. நேர்ஸ்மார் ஆளோடை ஆள் கதைச்சுப் பழகினதைத்தான் கேக்கினம் எண்டு நான் விளங்கப்படுத்த, கடைசிச் சிரிப்பு முகத்துக்கு வட்டம் போட்டா. காரிலை ஏறினாப்பிறகு "அந்த உயரமான பிள்ளைக்கும் சேத்தோ அம்மா ஃபுல் மார்க் போட்டனீங்கள்?" எண்டு கேட்டனான். "பின்னை? அதுகளின்ரை சோத்திலை மண் போடச் சொல்லுறியோ? பேந்து கிளினிக்குக்கும் அங்கைதானே போகவேணும்" எண்டா.

இந்த ஒரு பதிலுக்குள்ளை அளக்கிற ஆக்களுக்குத் தெரிஞ்ச கஷ்டம் எல்லாம் அடங்கிப் போச்சு. நன்றிக்காகப் போடுற மார்க், பயத்திலை போடுற மார்க், ஆள் பக்கத்திலை நிக்க வெக்கத்திலை போடுற மார்க். வயசு போன ஆக்கள், வருத்தம் கூடின ஆக்கள், திரும்ப அதே இடத்துக்குப் போகவேண்டிய ஆக்கள், ஆரின்ரை குரல் எங்களுக்கு முதல் கேக்கவேணுமோ அவைதான் கண்ணை மூடிக்கொண்டு நிறைய மார்க் போடுகினம். எல்லாரும் அஞ்சுக்கு அஞ்சு எண்டால் அந்த ஃபோம் ஒருத்தரையும் மற்றவரிலையிருந்து பிரிச்சுக் காட்டாது. கண்ணாடிப் பிள்ளையும் உயரமான பிள்ளையும் அந்தப் பேப்பரிலை ஒரே ஆள்.

இன்னொண்டும் கண்டனான். வாசல் நடையிலை "இம்மாதச் சிறந்த தாதி" எண்டு ஒரு படம் மாட்டியிருக்கு, நாங்கள் போன மாதம் அது டிஸ்சார்ஜ் மேசைப் பிள்ளையின்ரை படம். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, குறை சொல்லேல்லை. ஆனா ஆள் வீட்டை போற சந்தோசத்திலை, கடைசியாக் கண்ட முகத்துக்கு முன்னாலை வைச்சு ஃபோமை நிரப்பினால் மார்க் ஆருக்குப் போகும்? இரவு பன்ரெண்டு மணிக்கு மூண்டு எண்ணின பிள்ளையை அந்த நேரம் அங்கை காணக் கிடைக்காது, அது நைட் முடிச்சு நித்திரை.

நேர்ஸுக்கும் வருத்தக்காரருக்கும் இடையிலை இருக்கிற உறவு எண்டது சும்மா சிரிச்சு முகம் காட்டுற விசயம் இல்லை. நாங்கள் ட்ரெயினிங்கிலை படிக்கேக்கை ஹில்டெகார்ட் பெப்ளோ எண்ட அமெரிக்க நேர்ஸின்ரை கொள்கையை மனப்பாடம் பண்ணினனாங்கள், 1952இலை எழுதினவ, நேர்ஸிங்கின்ரை அடித்தளமே ஆளுக்கு ஆள் இருக்கிற உறவுதான் எண்டு அப்பவே சொன்னவ. நேர்ஸ் எடுக்கிற பாத்திரங்களை வரிசையாச் சொல்லேக்கை அவ முதல் வைச்சது "அந்நியர்" எண்ட பாத்திரத்தை. படிக்கேக்கை எனக்கு அது ஏன் எண்டு விளங்கேல்லை. கட்டிலிலை கிடக்கிற ஆளுக்கு உள்ளை வாற நேர்ஸ் முதல் ஒரு பிறத்தி ஆள், அந்தப் பிறத்தி ஆள்தான் அஞ்சு நிமிசத்திலை உடுப்பைக் கழட்டச் சொல்லப்போறது. அந்த இடைவெளியை என்னெண்டு கடக்கிறது எண்டதிலைதான் மிச்சம் எல்லாம் தங்கியிருக்கு. என்னெண்டு கூப்பிடட்டும் எண்ட கேள்வி அந்த இடைவெளிக்குப் போட்ட முதல் பலகை.

இதை அளக்க ஏலாது, இது மனசு சம்பந்தப்பட்டது எண்டு சொல்லுற ஆக்களும் இருக்கினம். அது பிழை. அளக்க ஏலும், கனபேர் கன வருசமா மினக்கெட்டுச் செய்து வைச்சிருக்கினம், மூண்டு பக்கத்தாலை அளக்கலாம். ஒண்டு, நேர்ஸே தனக்குத் தான் மார்க் போடுறது. பிலடெல்பியாவிலை தோமஸ் ஜெபர்சன் பல்கலைக்கழகத்திலை செய்த ஒத்துணர்வு அளவுகோல், அதாவது மற்றாளின்ரை நிலையை எவ்வளவு விளங்கிக்கொள்ளுறம் எண்டதை அளக்கிறது, அந்த வகை, 20 கேள்வி, ஒவ்வொண்டுக்கும் ஒண்டிலையிருந்து ஏழு மட்டும், கூட்டினால் 20க்கும் 140க்கும் இடையிலை வரும். மாணவரை வகுப்பிலை வைச்சுப் பாக்க நல்லது, ஆனா தன்னைப் பற்றித் தான் நினைக்கிறதுதான் அதிலை வரும். உயரமான பிள்ளையிட்டைக் குடுத்தால் அது தனக்கு நல்ல மார்க்தான் போடும், பொய்யில்லாமல் போடும், ஏனெண்டால் தான் செய்யாமல் விட்டது என்ன எண்டு அந்தப் பிள்ளைக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

ரெண்டாவது, வேறை ஒராள் நிண்டு பாத்து மார்க் போடுறது. ஓஸ்கி எண்டு சொல்லுற பரீட்சை, டண்டீயிலை ரொனால்ட் ஹார்டன் 1975இலை கொண்டு வந்தது, மேசை மேசையாப் போய் ஒவ்வொரு மேசையிலையும் குடுத்த நேரத்துக்குள்ளை ஒரு வேலையைச் செய்து காட்டவேணும், வருத்தக்காரரா நடிக்க ஒராள் இருக்கும், பக்கத்திலை ஒராள் லிஸ்டைப் பாத்துச் சரி போடும். நான் ரெண்டொரு தரம் அப்பிடிச் சரி போடுற கதிரையிலை இருந்திருக்கிறன். "உங்கடை கஷ்டம் எனக்கு விளங்குது" எண்ட வசனத்தை வாய்ப்பாடு மாதிரிப் பாடமாக்கிக்கொண்டு வந்து பாட்டியா நடிச்ச ஆளைப் பாக்காமல் சுவரைப் பாத்துச் சொன்ன பிள்ளைக்கும் லிஸ்டின்படி சரி போடவேண்டி வந்தது. இன்னொரு வரி, "கண்ணுக்குக் கண் பார்த்துக் கதைத்தார்". வன்னியிலையிருந்து வந்த ஒரு பிள்ளை வயசு போன ஐயாவாக நடிச்ச ஆளோடை தலையைக் கொஞ்சம் குனிஞ்சு, ஆனா ஒவ்வொரு சொல்லுக்கும் "ஓம் ஐயா, சொல்லுங்கோ ஐயா" எண்டு ஆறுதலாக் கேட்டது. எங்கடை ஊர் ஐயாமாருக்கு அதுதான் மரியாதை. லிஸ்டின்படி அந்தப் பிள்ளைக்கு அந்த மார்க் இல்லை. அண்டைக்கு அந்தப் பிள்ளைக்கு வெட்டின அந்த ஒரு மார்க் இண்டைக்கும் எனக்கு மனசிலை கிடந்து உறுத்துது.

மூண்டாவது வருத்தக்காரரைக் கேக்கிறது, இதுதான் எனக்குப் பிடிச்ச வழி, ஆனா என்னத்தை, எப்ப, ஆர் கேக்கிறது எண்டதிலைதான் எல்லாம் இருக்கு. அமெரிக்காவிலை எச்காப்ஸ் எண்டு ஒரு கணிப்பு இருக்கு, 2006இலை நாடு முழுக்கத் தொடங்கி 2008இலையிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா முடிவுகளை வெளியிலை போடுகினம். அதிலை நேர்ஸ்மாரைப் பற்றி வாற கேள்வியளைப் பாருங்கோ: மரியாதையா நடத்தினவையோ, நீங்கள் சொன்னதைக் கவனமாக் கேட்டவையோ, உங்களுக்கு விளங்கிற மாதிரிச் சொன்னவையோ. பதில் ஒருநாளும் இல்லை, சிலவேளை, அநேகமா, எப்பவும், இந்த நாலு. திருப்தியோ எண்டு கேக்காமல் எத்தினை தரம் நடந்தது எண்டு கேக்கினம். திருப்தி எண்டால் அம்மா தன்ரை மனசாட்சியோடை சண்டை பிடிக்கவேணும், எத்தினை தரம் எண்டால் ஞாபகத்தைக் கேட்டால் காணும். அதோடை டிஸ்சார்ஜ் ஆகி 48 மணித்தியாலம் கழிஞ்சாப்பிறகு, ஆறு கிழமைக்குள்ளைதான் கேக்கலாம், அதாவது ஆள் தன்ரை வீட்டிலை தன்ரை கட்டிலிலை இருக்கேக்கை, பேனையோடை ஒருத்தரும் பக்கத்திலை நிக்காத நேரம். ஸ்கொட்லாந்திலை ஸ்டூவர்ட் மேர்சரும் அவரோடை சேந்த ஆக்களும் 2004இலை கொண்டு வந்த கெயார் அளவுகோலும் நல்லது, டொக்டர்மாரை மனசிலை வைச்சுத் தொடங்கினது பிறகு நேர்ஸ்மாருக்கும் பாவிக்கினம், 10 கேள்வி, 50 மார்க், உங்கடை கதையை நீங்களே சொல்ல விட்டவரோ, முழு ஆளா உங்களைப் பாத்தவரோ எண்டெல்லாம் கேக்கும். எனக்கு அதிலை மிச்சம் பிடிச்சது "எனக்குப் பொருந்தாது" எண்ட பெட்டி. பொருந்தாத கேள்விக்குப் பொய்ப் பதில் சொல்லத் தேவையில்லை.

ஆனா இதுகளை அப்பிடியே தமிழிலை எழுதி நீட்டினால் எங்கடை அம்மாவின்ரை "இடையாள்" கதைதான் திரும்பவும் நடக்கும். மொழி மாத்தவேணும், மாத்தினதை வேறை ஒராளைக்கொண்டு திரும்ப மூல மொழிக்கு மாத்திப் பொருள் மாறியிருக்கோ எண்டு பாக்கவேணும், பிறகு எழுதப் படிக்கக் கஷ்டப்படுற ஒரு ஆச்சியிட்டையும் ஒரு மீன்பிடிக்கிற ஐயாவிட்டையும் வாசிச்சுக் காட்டி இதிலை என்ன கேக்கினம் எண்டு உங்களுக்கு விளங்குது எண்டு கேக்கவேணும். ஒத்துணர்வு எண்ட இடத்திலை ஒரு ஃபோமிலை "அனுதாபம் காட்டினாரா" எண்டு போட்டிருந்ததைக் கண்டிருக்கிறன், எங்கடை சனத்துக்கு அனுதாபம் எண்டால் பாவம் பாக்கிறது, அதை ஆர் விரும்புவினம்? மானிப்பாயிலை அமெரிக்க மிஷன் டொக்டர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலை எங்கடை பெடியங்களுக்குத் தமிழிலையே வைத்தியம் படிப்பிச்சு, பாடப் புத்தகங்களைத் தமிழுக்கு மாத்தி, உடம்பின்ரை ஒவ்வொரு பகுதிக்கும் சொல்லுத் தேடித் தேடி மினக்கெட்டவர். அந்த மண்ணிலையிருந்து நாலு மைல் தூரத்திலை, இந்தக் காலத்திலை, ஒரு நேர்ஸ் நல்லாக் கதைச்சவவோ எண்டு கேக்க எங்களிட்டைத் தமிழ் இல்லையோ?

வீட்டை வந்து ஒரு கிழமை போக, நானே ஒரு கொப்பியிலை ஒற்றையைக் கிழிச்சு ஏழு கேள்வி எழுதினனான். நீங்கள் விரும்பின மாதிரி உங்களைக் கூப்பிட்டவவோ? உங்களைத் தொடமுன்னம் என்ன செய்யப்போறன் எண்டு சொன்னவவோ? உங்களிட்டைக் கேக்கவேண்டியதை மகளிட்டைக் கேக்காமல் உங்களிட்டையே கேட்டவவோ? வாறன் எண்டால் வந்தவவோ? நோ மருந்து தந்தாப்பிறகு நோ குறைஞ்சதோ எண்டு திரும்பக் கேட்டவவோ? விளங்காததை ரெண்டாந்தரம் கேக்கப் பயமில்லாமல் இருந்ததோ? வீட்டை போய் என்ன செய்யவேணும் எண்டதை உங்களைக்கொண்டு திரும்பச் சொல்லுவிச்சவவோ? பதிலுக்கு அந்த நாலு சொல்லு. நான் கேட்டால் எனக்காகச் சொல்லுவா எண்டு பக்கத்து வீட்டு ஏஎல் படிக்கிற பிள்ளையை விட்டுத்தான் கேப்பிச்சனான், நான் குசினிக்குள்ளை இருந்திட்டன்.

அதே அம்மா, அதே ரெண்டு நேர்ஸ். கண்ணாடிப் பிள்ளைக்கு ஆறு கேள்விக்கு "எப்பவும்", ஒண்டுக்கு "அநேகமா". உயரமான பிள்ளைக்கு, தொடமுன்னம் சொன்னவவோ எண்டதுக்கு "ஒருநாளும் இல்லை", மகளிட்டைக் கேக்காமல் உங்களிட்டையே கேட்டவவோ எண்டதுக்கும் "ஒருநாளும் இல்லை", வாறன் எண்டால் வாறது "அநேகமா". ஆஸ்பத்திரியிலை ஒரே சிரிப்பு முகம் வாங்கின ரெண்டு பேரும் இந்த ஒற்றையிலை பிரிஞ்சு நிண்டினம். ஒராளின்ரை பதிலை வைச்சு ஒரு நேர்ஸை எடை போட ஏலாது எண்டு எனக்கும் தெரியும், கனபேரிட்டைக் கேட்டுக் கூட்டிப் பாத்தால்தான் அது கணக்கு. எண்டாலும் அம்மாவுக்குச் சோத்திலை மண் போடுற மாதிரித் தெரியேல்லை, நடந்ததைத்தானே சொன்னனான் எண்டு சொன்னா.

அந்த ஏழாம் கேள்வியிலை இருக்கிற வேலைதான் எங்களைக் காப்பாத்தினது, அதையும் சொல்லவேணும். இந்த ஒப்பரேசனுக்குப் பிறகு பதிஞ்ச இடத்திலை இருக்கக்கூடாது, குந்தக்கூடாது, காலுக்கு மேலை கால் போடக்கூடாது, இடுப்பு அளவுக்கு மிஞ்சி மடிஞ்சால் வைச்ச மூட்டு கழண்டு போகும். உயரமான பிள்ளை இதெல்லாம் அச்சடிச்ச பேப்பரைத் தந்து "எல்லாம் இதிலை இருக்கு" எண்டது, உண்மைதான், எல்லாம் அதிலை இருந்தது. கண்ணாடிப் பிள்ளை பேப்பரை மடிச்சு வைச்சிட்டு "ரீச்சர், காலமை எழும்பினதிலையிருந்து படுக்கிற மட்டும் வீட்டிலை என்னென்ன செய்வீங்கள், சொல்லுங்கோ பாப்பம்" எண்டது. அம்மா சொல்லிக்கொண்டு போக, "பிறகு திருவலையிலை இருந்து தேங்காய் திருவிப்போட்டு" எண்ட இடத்திலை அந்தப் பிள்ளை "நில்லுங்கோ ரீச்சர்" எண்டு மறிச்சுது. அம்மா ஒரு சாண் உயரத் திருவலையைப் பதிஞ்ச கதிரை எண்டு நினைக்கவே இல்லை, 29 வருசம் நேர்ஸா இருந்த எனக்கும் அது மனசிலை வரேல்லை. அச்சடிச்ச பேப்பரிலை திருவலை எண்ட சொல்லு இல்லைத்தானே. வீட்டை வந்து முதல் வேலையா அதை எடுத்து அறைக்குள்ளை பூட்டினனான், இப்ப தேங்காய்ப்பூ கடையிலை வாங்கிறம்.

உயரமான பிள்ளைக்கு நியாயம் சொல்லாமல் விட்டால் பாவம். அந்தத் தட்டிலை 18 கட்டில், இரவிலை ரெண்டு நேர்ஸ், நான் எண்ணிப் பாத்தனான். அந்தக் கிழமை அது ரெண்டு தரம் டபுள் சிஃப்ட் செய்தது. 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு எங்கடை நாட்டிலையிருந்து நேர்ஸ்மார் எத்தினை பேர் வெளியிலை போட்டினம் எண்டு எல்லாருக்கும் தெரியும், நிக்கிற ஆக்களின்ரை முதுகிலைதான் அந்தப் பாரம். கதைக்க நேரமில்லாத ஆளை ஏன் கதைக்கேல்லை எண்டு மார்க் வெட்டிறது நீதியில்லை. அதாலை ஸ்கோரைப் போடுற பேப்பரிலை அண்டைக்கு ஒரு நேர்ஸுக்கு எத்தினை கட்டில் எண்டதையும் பக்கத்திலை எழுதவேணும், ஸ்கோர் குறைஞ்சால் பிள்ளையைக் கூப்பிட்டுப் பேசமுன்னம் அந்த எண்ணிக்கையைப் பாக்கவேணும். ஆனா திருப்பமுன்னம் "திருப்பப்போறம்" எண்டு சொல்ல ஒரு மூச்சுக் காணும், அதுக்கு ஆள் கூடத் தேவையில்லை. ரெண்டும் உண்மை.

ஆஸ்பத்திரிக்கு என்ரை மார்க் கேட்டால், வைத்தியத்துக்கு 4, நேர்ஸ்மாருக்கு ஆளைப் பொறுத்து, அந்த ஸ்மைலி ஃபோமுக்கு 1. அந்த ஒண்டும் கேக்கவேணும் எண்டு நினைச்சதுக்கு. என்ரை ஏழு கேள்வியையும் வடிவா டைப் பண்ணி, ஒரு கடிதமும் எழுதி, நேர்ஸ்மாருக்குப் பொறுப்பான மேட்ரனிட்டை நேரை குடுத்தனான். அவ நிண்ட நிலையிலை வாசிக்காமல் என்னை இருக்கச் சொல்லிப்போட்டு ஆறுதலா வாசிச்சவ. ஃபோமை மாத்திறது தன்ரை கையிலை இல்லையாம், மனேஜ்மென்ட் முடிவாம், ஆனா புதுசா வாற பிள்ளையளுக்கு இந்த ஒற்றையைக் குடுக்கலாமோ எண்டு கேட்டா. ஓம், தாராளமாக் குடுங்கோ எண்டனான். உயரமான பிள்ளையைப் பற்றி அம்மா சொன்ன பதிலை நான் அதிலை எழுதேல்லை. எழுதியிருந்தால் மார்க்காத்தான் போயிருக்கும், படிப்பாப் போயிருக்காது.

அங்கை போறவைக்கு ஒண்டு சொல்லுறன், ஃபோமைத் தந்தால் அங்கை வைச்சு நிரப்பாமல் வீட்டை கொண்டு வாங்கோ, ரெண்டு நாள் கழிச்சு நிரப்பி அனுப்புங்கோ, முகத்துக்கு வட்டம் போட்டிட்டு விடாமல் பின்பக்கத்திலை ஆர் என்ன செய்தவை எண்டு ரெண்டு வரி எழுதுங்கோ.

பதினாலாம் நாள் ஒப்பரேசன் காயத்துக்குப் போட்ட கிளிப் எடுக்கப் போனம். உள்ளை தட்டோடை வந்தது உயரமான பிள்ளை. நான் ஒண்டும் கதைக்கேல்லை. அம்மாதான், கட்டிலிலை சரிஞ்சு படுத்தபடி, பள்ளிக்கூடத்துக் குரலிலை, "பிள்ளை, இண்டைக்கு என்ன செய்யப்போறீர் எண்டு முதல் எனக்குச் சொல்லும்" எண்டா. பிள்ளை என்னைப் பாத்தது, நான் அம்மாவைப் பாத்தனான், பிறகு அதுவும் அம்மாவைப் பாத்தது. கதிரையை இழுத்து அம்மாவின்ரை முகத்துக்கு நேரை இருந்துகொண்டு, "கிளிப் கழட்டப்போறன் அம்மா, ஒவ்வொண்டுக்கும் ஒரு சின்னக் கிள்ளு மாதிரி இருக்கும், நோந்தால் நில் எண்டு சொல்லுங்கோ, நிப்பாட்டுவன்" எண்டது. பதினெட்டுக் கிளிப். ஒவ்வொண்டையும் எண்ணி எண்ணித்தான் எடுத்தது, பத்துக்குப் பிறகு அம்மாவும் சேந்து எண்ணினவ.